வால் வைத்த ரெண்டு

உ
ஆடி 26, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வீட்டு முன்னால் ஓடுகிற வாய்க்கால் தண்ணீர் இன்னும் ரோட்டைத் தொடவில்லை. தொட்டால் எழுதுகிறேன்.

செம்பகம் எலெக்ஷனில் நிற்கிறாளாம். என்னிடம் கேட்கவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல, காப்பி குடிக்கும்போது சொன்னாள். "அம்மா, கவுன்சிலருக்கு நிக்கப்போறேன். சுயேச்சை. சின்னம் சாவி."

"யாரை எதிர்த்து?"

"சூக்தியோவை."

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரைக் கேட்டால் என் வலது கைக் கட்டைவிரல் இன்றைக்கும் எரியும்.

போன வருஷம் ஐப்பசியில் வெள்ளம் இந்த வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. மாப்பிள்ளையின் ஆடுகள் கட்டின இடத்திலேயே செத்தன. ஒரு கதவைக் கழற்றி, அதில் என்னை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் அரிசி, பால்மாவு எல்லாம் போட்டுப் பை கொடுத்தார்கள். வாங்கினதற்குக் கையெழுத்துப் போடவேண்டும். என் முறை வந்தது, பேனாவுக்குக் கையை நீட்டினேன். கவுன்சிலர் சூக்தியோ பக்கத்தில் நின்றான். "மதராஸிக் கிழவிக்கு எழுத்து எங்கே தெரியப்போகுது" என்று சிரித்தான். என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் உருட்டினான். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. வரிசை முழுக்கப் பார்த்தது. எனக்கு இங்கிலீஷ் வாய்க்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

நான் மூணாங்கிளாஸ்தான். ஆனால் கைநாட்டு இல்லை. சாத்தூர் ரேஷன் கடையில் என் நாத்தனார் கைநாட்டு வைத்துவிட்டு நின்றபோது, அவள் கண்ணெதிரே பூரணத்தம்மாள் என்று முழுசாய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொறாமையில் அவள் ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. அதற்காக நான் இன்றுவரை அவளோடு பேசவில்லை.

"நில்லு. அவன் மூக்கை உடை" என்றேன்.

"மூக்குக்காக நிக்கலம்மா. வாய்க்காலுக்காக. வெட்டிட்டு வந்ததை நம்ம வேலியோட நிறுத்திட்டுப் போயிட்டான். அது ஆத்துல போய்ச் சேரணும். இன்னொரு வெள்ளம் வந்தா இந்த வீட்டுக் கால் தாங்காதுன்னு கொத்தனார் சொல்லிட்டாரு. தோத்தா வித்துட்டுப் போறதுதான்."

அவள் வாய்க்காலுக்கு நிற்கட்டும். நான் மூக்குக்கு ஓட்டுப் போடுகிறேன்.

உ
ஆடி 29, வெள்ளி

எனக்கும் ஓட்டு உண்டாம். இந்தியாக்காரியானாலும் இந்த டிரினிடாடில் சட்டப்படி இத்தனை வருஷம் குடியிருந்தால் உள்ளூர் எலெக்ஷனில் போடலாமாம். பேர் ஏற்கெனவே ஏறிவிட்டது. சாத்தூரில் என் பேரைப் பூரணி என்று குறைத்து எழுதினான் ஒரு கிளார்க். இங்கே முழுசாய் எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்துத்தான் தப்பு.

மாப்பிள்ளை முற்றத்தில் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். பேர் கெல்வின் மூட்டூ. முத்து என்பதைத்தான் மூட்டூ ஆக்கி வைத்திருக்கிறார்கள். இவருடைய முப்பாட்டன் கரும்பு வெட்டக் கப்பல் ஏறினவர். அதற்குப் பிறகு பாஷையைக் கடலில் போட்டுவிட்டார்கள். செம்பகம் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து இவரைக் கட்டிக்கொண்டபோது, தமிழ்ப் பையன்தான் அம்மா என்று போனில் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே வந்து பார்த்தால், இவருக்குச் 'சோறு' என்ற சொல்கூடத் தெரியாது. பேத்திக்குப் பேர் வைக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை. அது தனிக்கணக்கு. அவள் இப்போது பார்படோஸில் படிக்கிறாள். அவளைப் பார்த்தால் கோபம் வராது, பேரைக் கூப்பிடும்போதுதான் வரும்.

ஒவ்வொரு பலகையிலும் பிரஷை வைத்தவுடன் முதலில் மேல் மூலையில் சின்னதாய் என்னமோ போட்டார். பிறகுதான் சாவி, பிறகு செம்பகம் பேர்.

"அது என்ன மாப்பிள்ளை?"

"ரெண்டு, மா. எங்க ஆஜா எதை எழுதினாலும் மேலே ஒரு ரெண்டு போடுவார். அதிர்ஷ்டம்."

ஆஜா என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா. "ஜெயிக்கணும்னா ஒண்ணு போடணும். யாராவது ரெண்டு போடுவாங்களா?" என்றேன். அவர் சிரித்தார். நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பெயின்ட் வாடை எனக்கு ஆகாது.

உ
ஆவணி 3, புதன்

சூக்தியோவின் லாரி மூன்று தரம் போயிற்று. மைக்கில் பாட்டு, நடுநடுவே அவன் குரல். "மதராஸிலிருந்து இறக்குமதியான நர்ஸ் அம்மா உங்களுக்கு ஊசி போடட்டும். வாய்க்காலை என்னிடம் விடுங்கள்!" பின்னாலேயே ஜனம் ஆடிக்கொண்டு போகிறது. எதிர்வீட்டு டொலாரி அவனுக்குக் கை காட்டினாள். என் இட்லிப் பானையை வாங்கிக்கொண்டு போய் மூடியில்லாமல் திருப்பித் தந்தவள்தானே.

சாயங்காலம் செம்பகம் எனக்கு ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தாள். மாதிரிச் சீட்டில் ரெண்டு பேர், ரெண்டு சின்னம். சாவிக்கு நேரே கட்டத்துக்குள் பெருக்கல் குறி போடவேண்டும்.

"அது தப்புக்குப் போடுற குறியாச்சே?"

"இங்க அதுதான் சரிம்மா. பட்டன் கிடையாது, முத்திரை கிடையாது. பென்சில் தருவாங்க. ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். கையெழுத்து, பேரு, எதுவும் போடக்கூடாது. போட்டது யாருன்னு தெரியிற மாதிரி ஏதாவது இருந்தா சீட்டைச் செல்லாதுன்னு தள்ளிடுவாங்க."

"நான் என்ன பச்சைப்பிள்ளையா?"

"உன் பேரை முழுசா எழுதிடுவியோன்னு பயமா இருக்கு."

"எழுதமாட்டேன் போ."

மாதிரிச் சீட்டில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். செம்பகம் அடுப்பில் பாலைப் பார்க்கப் போயிருந்தாள். வந்து கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று கசக்கிப் போட்டாள்.

உ
ஆவணி 14, ஞாயிறு

நாளைக்கு ஓட்டு. வாய்க்கால் ரோட்டைத் தொட்டுவிட்டது.

உ
ஆவணி 15, திங்கள்

குளித்துவிட்டு, அரக்குக் கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். செம்பகம், "கல்யாணத்துக்கா போற?" என்றாள். இது கல்யாணத்தைவிடப் பெரிசு. கல்யாணத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

சாக்கடை நாற்றத்துக்குள் செங்கல் மேல் கால் வைத்து வைத்துப் போனோம். அதே பள்ளிக்கூடம். அதே அறை. என் விரலைப் பிடித்து உருட்டின மேஜை அதே இடத்தில் கிடந்தது. இன்றைக்கு அதன் பின்னால் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து, "காலை வணக்கம், அம்மா. என்ன அழகு உங்க சேலை" என்றாள். சீட்டை ரெண்டு கையாலும் கொடுத்தாள். இந்த ஊரில் எனக்கு யாரும் ஒரு காகிதத்தை ரெண்டு கையால் கொடுத்ததில்லை.

மறைப்புக்குள் போனேன். பென்சில் கயிற்றில் கட்டியிருந்தது. வெளியே மழைச் சத்தம். ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். எழுத்து சொல்லிக்கொடுத்த ஐயாத்துரை வாத்தியாரை நினைத்தேன். முதல் கோடு மறந்ததற்காக முழங்கையில் அடித்த மனுஷன், அந்த வடு இருக்கிறது, அவரையும் நான் மறக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஒன்றையும் விடவில்லை. சாவிக்கு நேரே பெருக்கல் குறியை ஆழமாய்ப் போட்டேன். காகிதம் கிழியாதது என் அதிர்ஷ்டம்.

வெளியே வந்ததும் ஆள்காட்டி விரலை மைக்குள் முக்கச் சொன்னார்கள். முக்கினேன். நானாக முக்கினேன். யாரும் பிடித்து அழுத்தவில்லை.

வாசலில் சூக்தியோ குடை பிடித்து நின்றான். "நானி, யாருக்குப் போட்டீங்க?" என்று இளித்தான். நானி என்றால் அவர்கள் பேச்சில் அம்மாச்சி. உனக்கு நான் எப்போதடா அம்மாச்சி ஆனேன்? "ரகசியம்" என்றேன். அது ஒன்று நன்றாய்த் தெரியும் எனக்கு இங்கிலீஷில்.

உ
ஆவணி 16, செவ்வாய்

ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை எண்ணுகிற இடத்தில் நம்ம பக்கத்து ஏஜெண்டாய் உட்கார்ந்திருந்தவர். விடியும்போது வந்து காலைக்கூடக் கழுவாமல் மேஜையில் குத்தினார்.

"ஒரு சீட்டு, மா! ஒரே ஒரு சீட்டைத் தள்ளி வெச்சிருக்காங்க. சாவிக்கு நேரே அழகா குறி போட்டிருக்கு. ஆனா மேலே எவனோ ஒரு ரெண்டு எழுதி வெச்சிருக்கான். வால் வெச்ச ரெண்டு. அதனால செல்லாதாம். அது செல்லுபடியானா நாம ஜெயிச்சோம்!"

"எந்தக் கழுதை எழுதினது?" என்றேன்.

"கழுதைதான்!" என்றார் மாப்பிள்ளை.

"படிக்காத கழுதை" என்றேன்.

செம்பகம் ஈரச் சேலையோடு வாசல்படியில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தச் சீட்டைப் பார்த்தாளாம். வேட்பாளருக்குக் காட்டுவார்களாம். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் மாதிரி ஒரு ஏரோப்ளேன் ஏறி வந்தவள் செம்பகம். தமிழில் கடுதாசி எழுதுவதை விட்டு வெகுகாலம். ஆனால் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவள்தான்.

மத்தியானம் போடிக்காய் பொரித்தேன். நம்ம ஊர்க் காராமணி மாதிரிதான், நீளம். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

உ
ஆவணி 17, புதன்

திரும்ப எண்ணினார்கள். அதே எண்ணிக்கை. அதே ஒரு சீட்டு. இனி கோர்ட்டாம்.

நான் பிரிட்ஜில் காந்தம் வைத்து மாட்டியிருந்த சாமான் சீட்டைக் காணோம். தேங்காய், கடுகு, சேம்பு இலை என்று நான் எழுதினது. பூஜை அலமாரியில் ஸ்லோகம் எழுதி ஒட்டியிருந்ததையும் காணோம். ஊறுகாய்ப் பாட்டில்மேல் நான் ஒட்டியிருந்த பேர்ச்சீட்டுகளைக்கூட ஊறவைத்து உரித்திருக்கிறாள் செம்பகம். எல்லாவற்றிலும் மேலே, நடுவில், எப்போதும் நான் போடுகிறது இருக்கும்.

அடுப்பைப் பார்த்தேன். கறுப்புக் காகிதச் சாம்பல்.

"எதுக்குட்டி எடுத்தே?" என்று நான் கேட்கவில்லை. "எதுக்கும்மா எழுதினே?" என்று அவளும் கேட்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து வெங்காயம் உரித்தோம். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அது வசதி.

ஆவணி 20, சனி

இன்றிலிருந்து மேலே ஒன்றும் போடாமல் எழுதிப் பழகுகிறேன். பழக்கத்துக்குத்தான். வேறு காரணம் இல்லை. முழங்கை வடு அரிக்கிறது.

வக்கீல் வந்தாள். சின்னப் பெண், பேர் ஒபீலியா, நகம் முழுக்கச் சிவப்பு. மாப்பிள்ளையும் செம்பகமும் கேட்க, நானும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: அந்தக் குறியை வைத்து இன்னார் போட்ட ஓட்டு என்று சொல்ல முடிந்தால் சீட்டுச் செல்லாது. யார் என்று சொல்ல முடியாவிட்டால் செல்லும். செல்லாமல் போனால் திரும்ப எலெக்ஷன். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும், வாய்க்காலும் முடிந்துவிடும், வீடும் முடிந்துவிடும்.

"அது ரெண்டுதான்னு உறுதியா சொல்லிடலாமா?" என்று செம்பகம் கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சூக்தியோ பக்கம் ரெண்டுன்னு ஒத்துக்கல. எங்கோ விசாரிச்சிருக்காங்க. அது மதராஸ் எழுத்து, சாமிக்குப் போடுறதுன்னு சொல்றாங்க. இந்த வட்டாரத்திலே மதராஸ் எழுத்து எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள்..." என்று வக்கீல் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

சாமிக்குப் போட்டது என்று விளக்கினால் ஆள் தெரிந்துபோகும். விளக்காவிட்டால் கிறுக்கு. இப்படி ஒரு முடிச்சு.

மாப்பிள்ளைதான் குறுக்கே விழுந்தார். "என்ன மதராஸ் எழுத்து? எங்க ஆஜாவே போடுவாரு! ரெண்டு! எங்க சித்தப்பா வீட்டுத் தராசிலே இருக்கு, கல்யாணப் பத்திரிகையிலே போடுவோம், படகிலே போடுவோம். மூட்டூ, நாராயின்சாமி, வீராசாமி, எல்லார் வீட்டிலேயும் உண்டு. ஏன்னு எவனுக்கும் தெரியாது. செம்பா பலகை எல்லாத்திலேயும் நானே போட்டேன்!"

வக்கீல் பேனாவை எடுத்தாள். நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன். மழையில் ஒரு பலகை சாய்ந்து கிடந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.

சுழி இருந்தது. கீழே கோடு இருந்தது. வளைவு நம்ம வளைவு.

பாஷையைக் கடலில் போட்டவர்கள் என்று இவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆரம்பத்தை மட்டும் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறார்கள். பேர்தான் தெரியாமல் ரெண்டு என்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி மீன்குழம்பு போட்டேன். பேர் வைத்த விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

ஆவணி 27, சனி

பிள்ளையார் சதுர்த்தி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செம்பகம் ஆஸ்பத்திரி டியூட்டி. மாப்பிள்ளை புதுசாய் வாங்கின ஆடுகளோடு பின்னால் கொட்டகையில். நான் விடியக்காலம் குளித்து, களிமண்ணில் பிள்ளையார் பிடித்து, கொழுக்கட்டை அவித்து வைத்தேன். சமையலறை நிலைப்படி மேலே மஞ்சளைக் குழைத்து, சதுர்த்திக்கு எப்போதும் போடுவதைப் போட்டேன். நல்ல நாளும் அதுவுமாய் அதையும் விட மனசு வரவில்லை. வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சூக்தியோ வந்தான்.

குடையை உதறிக்கொண்டு நேராய்ச் சமையலறை வாசலில் நின்றான். கையில் பர்பி டப்பா, ஒரு வழவழ அட்டை, புதுப் பேனா. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது.

"நானி, பண்டிகை நல்வாழ்த்து! என் மகனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு."

"நல்லா இருக்கட்டும். உள்ளே வாங்க. வாசல்லே நிக்காதீங்க" என்றேன். அவனை அந்த நிலைப்படியிலிருந்து நகர்த்தினால் போதும் எனக்கு. நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டேன்.

உட்கார்ந்தான். அட்டையை என் முன்னால் வைத்தான். "உங்க பழைய பாஷையிலே குழந்தைக்கு ஒரு ஆசீர்வாதம் எழுதித் தாங்க. கண்ணாடி போட்டு மாட்டப்போறேன். எலெக்ஷன் வேற, குழந்தை வேற இல்லையா நானி?"

பேனா மூடியை அவனே கழற்றி என் கையில் வைத்தான். அந்த நேரத்தில், சத்தியமாய்ச் சொல்கிறேன், குழந்தை என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. அட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. கை தானாக மேலே போயிற்று. நடுவில். எழுபது வருஷமாய்ப் போகிற இடத்துக்கு.

அவன் கண் என் முகத்தில் இல்லை. குழந்தையைப் பற்றிப் பேசுகிறவன் கண் பேசுகிறவர் முகத்தில் இருக்கும். இவன் கண் பேனா முனையில் இருந்தது. அட்டையின் மேல் விளிம்பில், நான் தொடப்போகிற இடத்தில். மடியில் போன் படமெடுக்கத் தயாராய் இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுத்துத் தெரியாதே எனக்கு."

"சும்மா சொல்லாதீங்க. நீங்க தினமும் எழுதுவீங்கன்னு டொலாரி சொன்னா. ஜன்னல்லே பார்ப்பாளாம்."

இட்லிப்பானை மூடி மட்டுமில்லை, இதுவும் அவள் கணக்கில். "கோலம் வரைஞ்சு பார்ப்பேன். அவளுக்கு அது எழுத்தாத் தெரிஞ்சிருக்கும். அவ என்ன படிச்சா?"

"ஒரு வரி, நானி. பேர் மட்டுமாவது."

"மிஸ்டர் சூக்தியோ" என்றேன். எட்டு வருஷமாய் நான் சேர்த்துவைத்த இங்கிலீஷ் எல்லாம் அப்போது வந்து நின்றது. "வெள்ளத்தப்ப நீங்கதானே சொன்னீங்க? மதராஸிக் கிழவிக்கு எழுத்து எங்கே தெரியப்போகுதுன்னு. எத்தனை பேர் கேட்டாங்க! நீங்களே என் விரலைப் பிடிச்சு உருட்டினீங்க. கவுன்சிலர் சொன்னா தப்பாயிருக்குமா?"

மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆசீர்வாதம் வேணும்னா இது இருக்கு" என்று பேனா முனையைக் கட்டைவிரலில் தேய்த்தேன். கொழகொழவென்று மை வந்தது. அட்டையின் நடுவில் வைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருட்டினேன். நானே உருட்டினேன். நாத்தனார் நினைவு வந்தது. ரேஷன் கடை நினைவு வந்தது. அவள் எங்கிருந்தாவது இதைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே, ரேகை ஒவ்வொன்றும் விழுகிற மாதிரி அழுத்தினேன். பூரணத்தம்மாள், கைநாட்டு.

"கொழுக்கட்டை சாப்பிடுங்க. பிள்ளையாருக்குப் படைச்சது. வேண்டாம்னு சொல்லக்கூடாது."

தின்றான். நான் வாசல் பக்கமே பார்க்காமல் இருந்தேன். எழுந்து குடையை எடுக்கக் குனிந்தான், நிமிர்ந்தான். கதவருகில் நின்று வானத்தைப் பார்த்தான். மழை விட்டிருக்கிறதா என்று தலையைத் தூக்கினான். இன்னும் கொஞ்சம் தூக்கினால் போதும்.

"தண்ணி ஏறுது! உங்க காரு பள்ளத்திலே நிக்குது!" என்று கத்தினேன். ஓடினான்.

தண்ணீர் ஏறத்தான் செய்தது. அது பொய்யில்லை. அவன் நிறுத்தின வாய்க்கால்.

நாற்காலியில் ஏறி நிலைப்படியைத் துடைத்தேன். பிறகு பிள்ளையார் முன்னால் உட்கார்ந்தேன். உன் பண்டிகையில் உன் அடையாளத்தை அழிக்கவைத்தாய், பார்த்துக்கொள், இதையும் நான் மறக்கமாட்டேன் என்றேன். அவர் களிமண். ஒன்றும் சொல்லவில்லை.

செம்பகம் டியூட்டி முடிந்து வந்தாள். பர்பி டப்பாவைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். நர்ஸ் ஆயிற்றே, காயமா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, மை போகும்வரை தேய்த்தாள். ரேகைக்குள் இருந்ததுகூடப் போகும்வரை. "நீயா வெச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

"நானாத்தான்" என்றேன்.

என் கையை விடவில்லை அவள்.

புரட்டாசி 5, திங்கள்

கோர்ட். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று ரெண்டு தரம் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றினேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை சொன்னதை எழுதுகிறேன். சித்தப்பா தராசைச் சுமந்துகொண்டு வந்தாராம். நாராயின்சாமி வீட்டுக் கிழவர் தொட்டில் பலகையைக் கொண்டுவந்தாராம். ஒருத்தி அம்மியைக் கொண்டுவந்துவிட்டாளாம், ரெண்டு பேர் தூக்கவேண்டியிருந்ததாம். எல்லாவற்றிலும் ரெண்டு. ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கி, "ஏன் ரெண்டு? ஒன்று எங்கே?" என்று கேட்க, கோர்ட்டே சிரித்ததாம்.

சூக்தியோவின் வக்கீல், அது மதராஸ் எழுத்து, வேட்பாளரின் தாயார் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்றாராம். ஒபீலியா எழுந்தாளாம். "மிஸ்டர் சூக்தியோ, அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ள நிவாரணத்தில் அவருக்குக் கைநாட்டு வைத்துவிட்டது யார்?"

சூக்தியோ தண்ணீர் கேட்டானாம்.

யார் போட்டது என்று அந்தக் குறி சொல்லவில்லை என்று ஜட்ஜம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சீட்டுச் செல்லும். செம்பகம் ஒரு ஓட்டில் ஜெயித்தாள்.

மாப்பிள்ளை என்னைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிடும்போது, "அந்தக் கழுதை யாருன்னு தெரிஞ்சா காலிலே விழுவேன், மா!" என்றார்.

"எங்கேயாவது நல்லா இருக்கட்டும்" என்றேன்.

அந்தச் சீட்டில் நான் என்ன எழுதினேன் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. ஓட்டு ரகசியம்.

உ
புரட்டாசி 19, திங்கள்

மண் தோண்டுகிற இயந்திரம் வேலியைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. முற்றமெல்லாம் சேறு. என் வெண்டைச் செடி ரெண்டை நசுக்கிவிட்டான் டிரைவர். முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

சூக்தியோ பர்பி டப்பாவைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினான். அதில் கடுகு போட்டு வைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கட்டைவிரல் எரிச்சல் இப்போது இல்லை. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

மத்தியானம் செம்பகம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வாய்க்காலை ஆறுவரைக்கும் வெட்டச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த முதல் உத்தரவின் நகலாம். எல்லாம் இங்கிலீஷ். கீழே அவள் கையெழுத்து. மேலே, நடுவில், டைப் அடித்த வரிக்கு முன்னால், பேனாவால் சின்னதாய் ஒன்று இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

"என்னட்டி இது? ரெண்டா?"

"ரெண்டுதாம்மா."

"வால் கோணலா இருக்கு."

"பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள் செம்பகம். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, ஒரு தரம் போட்டுக் காட்டு" என்று பேனாவை நீட்டினாள்.